எந்தத் தோட்டம் என்று கேட்ட குமுதா

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் இந்த மங்களத்துக்கு என்ன இப்படி ஒரு வாய் என்று கேட்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து பென்ஷன் வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க முடியாமல் ஈப்போவில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தேன். கடைவரிசையில் மேல்மாடி, கீழே டயர் கடை. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு ரத்தம் எடுப்பது, மாத்திரை கொடுப்பது, உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் அங்கேதான். வாசல் போர்டில் அந்த மூன்று எழுத்து இருக்காது. இருந்தால் எவன் படி ஏறுவான்?

குமுதாவை நான் பார்த்தது அங்கேதான். இது அவளுடைய கதை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எம்பேரப் போட்டுக்குங்கக்கா, மத்தவங்கள அடையாளம் தெரியாம மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். பேரோடு சேர்த்து வேலை, வயசு, ஊர் எல்லாவற்றையும் குழப்பித்தான் வைத்திருக்கிறேன். அதனால் இது யாரு என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம்.

குமுதா பிறந்தது செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார், அம்மா களைக்கு மருந்தடித்தார். அவள் மூன்றாம் படிவம் படிக்கும்போது தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றார்கள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஈப்போவில் ஒரு மலிவு ஃப்ளாட்டுக்கு வந்தார்கள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பள்ளிக்கூடம் முடிந்ததும் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கல்யாணமும் ஆனது, ஆன வேகத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரே அண்ணன், விக்னேஸ்வரன். போதை ஊசி போட்டுக்கொண்டு திரிந்தவன், ஊசியிலேயே வியாதியும் வந்தது. வீட்டில் அவனுக்குத் தட்டு தனி, குவளை தனி. அம்மா பிரித்து வைத்தார். குமுதாவும் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கும் பயம்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பான். மாத்திரை வாங்கப் போன இடத்தில், வரிசையில் பழைய தோட்டத்து ஆள் ஒருத்தரைப் பார்த்துவிட்டான். அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டான். அடுத்த தீபாவளிக்கு அவன் இல்லை.

"வெக்கத்துலயே செத்தான்க்கா" என்று குமுதா ஒருமுறை என்னிடம் சொன்னாள். அழவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

அவன் போன பிறகு தொழிற்சாலையை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிவேலைக்குச் சேர்ந்தாள். ஆட்களைத் தேடிப்போய்ப் பேசி, பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வருகிற வேலை. அதைப் பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக டிகிரியும் படித்தாள். பஸ்ஸில் படிப்பாள், எங்கள் கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பாள். நாற்பதைத் தொடும்போது பட்டம் வாங்கினாள். பட்டமளிப்புத் தொப்பியை அம்மா தலையில் வைத்து எடுத்த படம் இன்னும் அவள் போனில் இருக்கிறது.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. எனக்குத் திட்டம் என்றாலே எரிச்சல். பேனர் வரும், கறிபஃப் வரும், ஆளுக்கொரு கோட்டுப் போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள், ஆறு மாதத்தில் ஒருத்தரையும் காணோம். இது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. தோட்டத்து ஜனங்களின் வியாதியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தோட்டம் எந்தத் திசை என்று தெரியாது. அதனால் ஆராய்ச்சிப் பக்கம் இதுவரை காலே வைக்காத வீடுகளிலிருந்து ஆட்களை எடுப்பது, ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியைப் போடுவது, மூன்று வருஷம் பழக்கி ஆராய்ச்சியாளராக்குவது என்று யாரோ நல்ல புத்தியோடு யோசித்திருக்கிறார்கள். ஓராங் அஸ்லி பழங்குடிப் பெண் ஒருத்தி, கடலோரக் கிராமத்து ஆள் ஒருவர், பிறகு நம் குமுதா என்று சிலரை எடுத்தார்கள்.

குமுதாவுக்கு வழிகாட்டியாக வந்தவர் டாக்டர் அபிராமி. குமுதாவைவிட எட்டு ஒன்பது வயசு சின்னவர். ஈப்போவில் வியாபாரம் பண்ணுகிற செட்டியார் குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு. குமுதா அவரை "டாக்டர்" என்பாள், அவர் குமுதாவை "அக்கா" என்பார். வியாழக்கிழமை ஆனால் கிளினிக்கின் பின்னறையில் இரண்டு பேரும் பையில் கட்டி வாங்கின தே தாரிக் டீயோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

வேலை என்னவென்றால், தோட்டத்திலிருந்து வந்த தமிழர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏன் சிகிச்சைக்கு வரத் தாமதிக்கிறார்கள், வந்தவர்கள் ஏன் நடுவில் நின்றுபோகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவது. குமுதா எடுத்த முதல் பேட்டியின் பதிவை அபிராமி ஓடவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறைக்கதவு திறந்திருந்தது, என் காதும் திறந்திருந்தது. பதிவில் அந்த மனிதர் நாலு வார்த்தை பேசினால் குமுதா நாற்பது வார்த்தை பேசுகிறாள். "அடப்பாவமே" என்கிறாள், "அலாமாக், அப்பறம்?" என்கிறாள், "அழாதீங்கண்ணே, நான் இருக்கேன்லா" என்கிறாள்.

"அக்கா, இதுல யாரு யாரைப் பேட்டி எடுக்கிறா?" என்று அபிராமி கேட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குமுதா முகம் சுருங்கிப் போனது. "நம்ம ஆளு அழுவும்போது கல்லு மாதிரி உக்காந்திருக்க முடியுமா டாக்டர்?"

"கல்லு மாதிரி வேணாம். டிஷ்யூவ அவரு பக்கம் நகர்த்தி வைங்க, போதும். நீங்க வாயத் தொறந்ததும் அவரு நிறுத்திட்டாரு பாருங்க." அந்த இடத்தை மறுபடியும் போட்டுக் காட்டினார். நிஜம்தான், அந்த மனிதர் ஏதோ பெரிசாகச் சொல்ல வந்து, குமுதா ஆறுதல் சொன்னதும் "ஆமாம்மா" என்று முடித்துக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருந்தது. திட்ட மாட்டார், விடவும் மாட்டார். எழுதினதைத் திருப்பித் திருப்பி எழுத வைப்பார். குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவாள், எழுதிவிட்டு என்னிடம் வந்து, "ராட்சசிக்கா அது" என்பாள், அடுத்த வியாழன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பாள்.

குமுதாவும் அவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். பேட்டியின் முதல் கேள்வி, இந்த வியாதி இருப்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று இருந்தது.

"எடுத்த எடுப்புல இதையா கேக்கிறது? எந்திரிச்சுப் போயிருவாங்க. நம்ம ஆளுங்ககிட்ட மொதல்ல எந்தத் தோட்டம்னு கேக்கணும் டாக்டர்" என்றாள்.

எங்கள் பேராக் மாநிலத்தில் இரண்டு தமிழர்கள் எங்கே சந்தித்தாலும் இதுதான் நடக்கும். கல்யாண வீடாக இருக்கட்டும், பாசார் சந்தையாக இருக்கட்டும், பேரைக் கேட்பதற்கு முன்னால் தோட்டத்தைக் கேட்பார்கள். தோட்டம் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், அங்கே சூப்பர் மார்க்கெட் நிற்கும், இருந்தாலும் கேட்பார்கள். சொன்னால் போதும், எந்த டிவிஷன், எந்த லயம், யார் மகன் என்று போய், பத்து நிமிஷத்தில் ஒரு சித்தப்பாவைக் கண்டுபிடித்து விடுவார்கள். அபிராமிக்கு இது புதுசு. டவுனில் வளர்ந்த பெண்ணிடம் யார் தோட்டம் கேட்கப் போகிறார்கள்? கேட்டதும் அதையே முதல் கேள்வியாக வைத்துவிட்டார். அப்புறம் பாருங்கள், பேச்சு கொட்டியது. முன்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்களிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள் குமுதாவிடம் மணிக்கணக்கில் பேசினார்கள். அபிராமி கூட்டத்துக்குக் கூட்டம் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அப்படிப் பேசினவர்களில் ஒருவர்தான் தர்மேந்திரன். லாரி ஓட்டுகிறவர், ஐம்பதை நெருங்குகிற வயசு. எங்களிடம் பல வருஷமாக மாத்திரை வாங்குகிறார், ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மாத்திரை ஒழுங்காகப் போனால் ரத்தத்தில் கிருமி இருக்கிற இடம் தெரியாமல் அடங்கிவிடும், அப்படி அடங்கினவரிடமிருந்து மனைவிக்குக்கூடத் தொற்றாது. அவருக்கு அப்படித்தான் அடங்கியிருந்தது. விஷயம் தெரிந்தவர் அவருடைய மனைவி வீரம்மா ஒருத்திதான். பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவருடைய தோட்டமும் வீடுகளாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு மாரியம்மன் கோயில். வருஷம் ஒருமுறை திருவிழாவுக்குச் சிதறிப்போன ஜனங்கள் எல்லாம் அங்கே வந்து சேருவார்கள். அன்றைக்கு அன்னதானச் சமையல் தர்மேந்திரன் பொறுப்பு. அது ஒன்றுதான் அந்த மனிதருக்குப் பெருமை. மற்ற நாளெல்லாம் லாரி, வீடு, மாத்திரை. அந்த ஒரு நாள் ஊரே அவர் கையால் சாப்பிடும்.

"சாவுக்குப் பயமில்லம்மா" என்று குமுதாவிடம் சொல்லியிருக்கிறார். "தெரிஞ்சா என்னைய அடுப்புகிட்ட நிக்க விட மாட்டாங்க. அதுக்குத்தான் பயம்."

சாப்பாட்டில் இந்தக் கிருமி பரவாது. சமைத்தால் பரவாது, பரிமாறினால் பரவாது. நான் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். படித்தவர்களே தலையை ஆட்டிவிட்டுக் குவளையை மாற்றி வைக்கிறார்கள், கோயில் கமிட்டியை என்ன சொல்வது?

பேட்டி முடிந்ததும் அவரிடம், உங்கள் பேர் எங்கேயும் வராது என்று குமுதா சொல்லியிருக்கிறாள். அவர் யோசித்துவிட்டு, "எம்பேரு வேணாம். ஆனா தோட்டத்துப் பேர எடுத்துறாதம்மா. எல்லாம் போச்சு, அந்தப் பேராவது எங்கயாச்சும் எழுத்துல இருக்கட்டும்" என்றாராம். குமுதாவுக்கு மனசு இளகிப்போனது. அவள் தோட்டமும் அப்படிப் போனதுதானே.

வியாழக்கிழமை அதை அபிராமியிடம் கேட்டாள். அவர் விதிப்படிதான் பார்த்தார். பேர், அடையாள அட்டை எண், கிளினிக், தேதி எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. "அந்தத் தோட்டம் இப்ப இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். பூரா வீடாயிருச்சு."

"அப்ப பரவாயில்ல. இல்லாத ஊர்ல ஒருத்தர யாரு போய்த் தேடப் போறாங்க?"

குமுதா வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பேர் எழுத்தில் வர வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. இல்லாத தோட்டத்து ஆட்கள்தான் ஒருத்தரை ஒருத்தர் விடாமல் பிடித்துக்கொண்டு இருப்பார்கள் என்பது அபிராமிக்குத் தெரியாது. குமுதாவுக்கு அது தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

காம்பாரில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு. பயிற்சி எடுத்தவர்கள் எல்லாரும் தங்கள் வேலையைச் சுவரொட்டியாக அச்சடித்து மாட்டினார்கள். குமுதா மாம்பழ நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு போனாள். அவள் சுவரொட்டி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதன் நடுவில், 'லாரி ஓட்டுநர், கோயில் சமையல் பொறுப்பாளர்' என்று போட்டு, தோட்டத்துப் பேரையும் போட்டு, அடுப்பைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தார்கள். முதல் பரிசு அவளுக்குத்தான். சுவரொட்டிக்குப் பக்கத்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைத் திட்டத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள். நம் ஜனத்தில் ஒருத்தி பரிசு வாங்கினால் சும்மா இருப்பார்களா? படம் வாட்ஸ்அப் குழு குழுவாகப் போனது.

தர்மேந்திரனின் பழைய தோட்டத்துக்காரர்களுக்கும் ஒரு குழு இருந்தது. அங்கேயும் போனது. யாரோ ஒரு புண்ணியவான், 'நம்ம தோட்டத்துப் பேரு யுனிவர்சிட்டி வரைக்கும் போயிருச்சு' என்று எழுதிப் போட, கைதட்டல் படமும் மாலைப் படமுமாகக் கொட்டியிருக்கிறது. பிறகு யாரோ விரலால் படத்தைப் பெரிசாக்கிப் படித்திருக்கிறார்கள். கைதட்டல் அதோடு நின்றது.

குமுதாவின் சித்தி மகன் தனேஷ். அவன் மனைவி அந்தத் தோட்டத்துப் பெண். அவன் போன் பண்ணினபோது குமுதா கிளினிக்கில் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"அக்கா, அந்தப் படத்துல போட்டிருக்கிறது தர்மா அண்ணனையா?" என்று கேட்டிருக்கிறான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"யாருன்னு நான் சொல்லக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் நான் அபிராமிக்குப் போன் போட்டேன்.

அபிராமி ஓடி வந்தார். ஃபேஸ்புக்கிலிருந்து படத்தை எடுத்தார்கள். எடுத்து என்ன செய்ய, அது எத்தனை போனில் உட்கார்ந்திருக்கிறதோ. நான் இரண்டு பேரையும் பின்னறையில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி கேட்டேன். "ஒருத்தி தோட்டத்துல பொறந்தவ, ஒருத்தி சீமைக்குப் போய்ப் படிச்சவ. ரெண்டு பேரு மண்டையிலயும் இது ஏறலையா?" என்று கத்தினேன். கீழே டயர் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். அபிராமி அழுதுவிட்டார். குமுதா அழவில்லை.

ஆராய்ச்சியால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள எத்திக்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அபிராமி. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, தர்மேந்திரன் புகார் கொடுக்க மாட்டார். கொடுத்தால் அது நான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே.

"எம்பேர மட்டும் எழுதுங்க டாக்டர். நீங்க வளர வேண்டியவங்க" என்றாள் குமுதா.

"நான்தான் பாத்து சரின்னு சொன்னேன். ரெண்டு பேரும்தான் எழுதணும்" என்றார் அபிராமி. எழுதினார்கள்.

இதற்கிடையில் திருவிழா நெருங்கியது. கோயில் கமிட்டியிலிருந்து தர்மேந்திரனைக் கூப்பிட்டு, "இந்த வருசம் கேட்டரிங் சொல்லிட்டோம்லா அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்களாம். காரணம் ஒருத்தரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாத்திரை வாங்க வேண்டிய நாளில் அவர் வரவில்லை. நான் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மறுவாரமும் வரவில்லை. மாத்திரையை விட்டால் அடங்கிக் கிடந்த கிருமி தலை தூக்கும். அவர் வீட்டில் இருந்த மாத்திரை எப்போது தீரும் என்று எனக்குத் தெரியும், அந்த நாள் தாண்டிப் போனது. குமுதாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அவரு வரலையாக்கா?" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். அன்றைக்கு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணன் கதை அவளுக்குத் தெரியாததா?

எத்திக்ஸ் கமிட்டியின் முடிவு வந்தது. தர்மேந்திரனின் பேட்டி முழுவதையும் அழித்துவிட வேண்டும், பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்த வருஷம் முழுக்க குமுதா யாரையும் பேட்டி எடுக்கக் கூடாது. அபிராமிக்கும் எழுத்தில் கண்டனம். தர்மேந்திரன் சம்மதித்தால் குமுதா நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், கிளினிக் நர்ஸ் கூடப் போக வேண்டும். வீரம்மா மூலமாகக் கேட்டோம். வரட்டும் என்று பதில் வந்தது.

என் காரில்தான் போனோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அபிராமியும் வருகிறேன் என்றார், கூட்டமாகப் போய் நின்றால் அக்கம்பக்கம் பார்க்கும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். தர்மேந்திரன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். வீரம்மா மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, தப்பு என்னோடது" என்றாள் குமுதா.

"தோட்டத்துப் பேரப் போடச் சொன்னது நான்தானே."

"நீங்க சொன்னாலும் நான் போட்டிருக்கக் கூடாதுண்ணே. நம்ம ஆளுங்களுக்கு அது போதும்னு எனக்குத் தெரியும்."

டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தர்மேந்திரன் குமுதாவை நேராகப் பார்த்தார். "உங்கிட்ட பேசின மாதிரி நான் வீரம்மாகிட்டகூடப் பேசினதில்ல. நம்மள மாதிரி தோட்டத்துப் புள்ளன்னு நெனச்சுப் பேசினேன். அதான் எரியுது."

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வழக்கம்போலக் கோபப்பட்டேன். "அவ மேல உள்ள கோவத்த மாத்திர மேல காட்டுவீங்களா? யாருக்கு நட்டம்? இந்தம்மா என்ன பாவம் பண்ணுச்சு?" என்று வீரம்மாவைக் காட்டிக் கேட்டேன். எங்கள் கிளினிக்குக்கு வர வெட்கமாக இருந்தால் பத்து காஜா என்ற ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"நான் ஏன் ஊர் ஊரா ஓடணும் மிஸ்ஸி?" என்றார். பழைய ஆட்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "உங்ககிட்டயே வாரேன். ஆனா இந்தப் பொண்ணு அங்க இருக்கக் கூடாது. அது மூஞ்சியப் பாத்தா எனக்கு எல்லாம் திரும்ப வந்துரும்."

"சரிண்ணே" என்றாள் குமுதா. மைலோவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தாள்.

அவர் வந்தார். ரத்தம் எடுத்தேன், கிளினிக் டாக்டர் பார்த்து மறுபடி மாத்திரை ஆரம்பித்தார். விட்ட நாட்களில் கிருமி எவ்வளவு ஏறியது, பழைய மருந்தே கேட்குமா, வேறு மருந்துக்குப் போக வேண்டுமா என்பது சில மாதம் கழித்து எடுக்கும் ரத்தத்தில்தான் தெரியும். அவர் வருகிற நாளில் குமுதா கிளினிக் பக்கம் வர மாட்டாள். ஏன் என்று நான் சொன்னதில்லை, "நாளைக்கு வராதே" என்பேன், அவ்வளவுதான்.

குமுதா திட்டத்தை விட்டுவிட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்கே போய்விடுகிறேன் என்றாள். அபிராமி விடவில்லை. வியாழக்கிழமை உட்காருவது நிற்கவும் இல்லை. பேட்டி இல்லை, அதனால் இரண்டு பேரும் பழைய பேட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்த வார்த்தையால் ஒருத்தரை ஊர் அடையாளம் கண்டுபிடிக்கும் என்று வரி வரியாகக் கோடு போட்டார்கள். குமுதா போட்ட கோட்டைப் பார்த்தால் பாதிப் பக்கம் கறுப்பாக இருக்கும். அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பாடத்தை அவளே எடுத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஒரு பெண் கேட்டாள், அந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று. "எனக்குத் தெரியாதும்மா" என்றாள் குமுதா. வாசலில் நின்ற என் பக்கம் பார்க்கவே இல்லை.

தர்மேந்திரனுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றைக்குக் காலையிலேயே அவர் வந்து தெரிந்துகொண்டு போய்விட்டார். கிளினிக் மூடுகிற நேரத்துக்கு குமுதா வந்தாள். பின்னறையில் மறுநாள் வகுப்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகில் நின்றேன்.

"குமுதா, தர்மாவோட ரிசல்ட்டு வந்திருச்சு."

நாற்காலியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் திரும்பவில்லை.

"சொல்லட்டா?"

"வேணாம்க்கா."

"பைத்தியமா உனக்கு? இத்தன மாசமா இத நெனச்சுத்தானே செத்துக்கிட்டு இருக்க. ஒரு வார்த்ததான், நம்ம ரெண்டு பேருக்குள்ள."

"அவரு உங்கள நம்பித்தான் ரத்தம் கொடுத்தாரு. என்னைய நம்பி இல்ல." சுவரைப் பார்த்தேதான் பேசினாள். "உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். அதான் திரும்பல. போயிருங்கக்கா."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதாள். அண்ணன் கதையைச் சொன்னபோது அழாதவள், எத்திக்ஸ் கமிட்டி முடிவு வந்தபோதும் அழாதவள். கிட்டே போனால் என் முகத்தைப் பார்த்துவிடுவாள், அதனால் போகவில்லை. தாளை அவர் ஃபைலில் வைத்து அலமாரியைப் பூட்டினேன். என்ன வந்தது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.